பேய் என்று எழுதிய கை: ஸ்நோரியையும் கால்டுவெல்லையும் சேர்த்து ஒரு வாசிப்பு

திருநெல்வேலிச் சேகரங்களுக்கு ஊழியப் பயிற்சிக்காகச் செல்லும் இறையியல் மாணவர் ஒரு வினாவை என்றேனும் எதிர்கொண்டே தீரவேண்டும். ஆராதனை முடிந்து சபையார் கலைந்தபின் முதியவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, எங்க பாட்டையா கும்பிட்ட சுடலை பேயா, சாமியா?" என்று தணிந்த குரலில் கேட்பார். மாணவர் தயக்கமின்றி, "பேய்தான்" என்பார். முதியவரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதென்று மாணவர் எண்ணுகின்றார். முதியவரோ, தம் பாட்டனாரைப் பற்றிக் கேட்க வந்ததைக் கேளாமலே போகின்றார்.

நம் நாவில் இவ்வளவு ஆயத்தமாக நிற்கும் அவ்விடை எங்கிருந்து வந்தது? திருமறையிலிருந்து நேரே வந்ததா? அத்தெய்வங்களை வணங்கிய மக்களின் வழக்கிலிருந்து வந்ததா? அல்லது நமக்கு முன்னே எழுதிச் சென்ற ஒருவரின் ஏட்டிலிருந்து வந்ததா? ஆவிகளின் உலகை ஒளியென்றும் இருளென்றும் இரு கூறாக்கும் பிரிவு வணங்கியோரின் கையால் அன்று, பெரும்பாலும் அவர்களைக் குறித்து எழுதிய கிறிஸ்தவரின் கையால் ஆனது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது. இதற்கு முதலில் தாமிரபரணிக் கரையைவிட்டு ஐரோப்பாவின் வடகோடி வரை சென்று வரவேண்டியுள்ளது. அங்கே இதே வினாவுக்கு ஒரு கிறிஸ்தவர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர் விடை எழுதினார். அவ்விடை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிஞர் நன்கு ஆராய்ந்துள்ளனர். தூரத்தில் நிற்கும் மலையின் வடிவம் அடிவாரத்தில் நிற்பவனைவிட எட்ட நிற்பவனுக்கே தெளிவாகத் தெரியுமன்றோ?

1. ஐஸ்லாந்தின் ஏடு

பழைய நார்ஸ் மொழியினர் 'ஆல்ஃபர்' என்றும் ஆங்கிலேயர் 'எல்ஃப்' என்றும் வழங்கியவை, தேவர்களுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட ஆற்றல்கள். இவற்றை ஒளி எல்ஃபுகள், இருள் எல்ஃபுகள் என இரு குலமாகப் பிரித்துக் காட்டுவது ஸ்நோரி ஸ்துர்லூசன் என்பாரின் 'எட்டா' எனும் உரைநடை நூல். ஸ்நோரி 1179-இல் பிறந்து 1241-இல் கொலையுண்டவர். ஐஸ்லாந்தின் பெருந்தலைவர்களுள் ஒருவர். நூலை ஏறத்தாழ 1220-இல் எழுதினார். ஒளி எல்ஃபுகள் கதிரவனிலும் அழகுடையன, வானில் வாழ்வன. இருள் எல்ஃபுகள் கீலினும் கரியன, மண்ணுக்குள் வாழ்வன. தோற்றத்தில் மட்டுமன்றி இயல்பிலும் இவை வேறானவை என்பது அவர் தரும் செய்தியின் சாரம். மேலான வானுலகு ஒன்றில் இப்பொழுது குடியிருப்போர் ஒளி எல்ஃபுகளே என்றும் அவர் கூறுகின்றார்.

ஸ்நோரி எழுதிய காலத்தில் ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நாடு புதுமார்க்கத்தை ஏற்றது ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில். அவருக்கு முற்பட்ட பாடல்களில் தேவர்களும் எல்ஃபுகளும் என இணைத்துக் கூறும் வழக்கு மிகுதி. ஒளி எல்ஃபு, இருள் எல்ஃபு என்ற குலப்பிரிவோ அவற்றில் இல்லை. விளைச்சலின் தேவனாகிய ஃபிரேயருக்கு எல்ஃபுகளின் உலகு உரியது என்று ஒரு பழம்பாடல் கூறுகின்றது. அவ்வுலகு விளைநிலத்தோடு தொடர்புடையதேயன்றி, அங்கே நன்மை தீமை என்ற எல்லைக்கோடு கிழிக்கப்படவில்லை. ஸ்நோரி தாமே வேறோரிடத்தில் 'கரிய எல்ஃபுகளின் உலகு' என்று சொல்லிவிட்டு, அங்கே குள்ளர் இனத்தாரைக் குடியமர்த்துகின்றார். ஆகவே அவருடைய இருள் எல்ஃபுகள் வேறு பெயர் பூண்ட குள்ளர்களே ஆகலாம் என்று பலர் கருதுகின்றனர்.

அப்படியாயின் இப்பிரிவு எங்கிருந்து வந்தது? வானத்தில் நிலைத்திருக்கும் தூதர், கீழே தள்ளுண்ட தூதர் என்ற திருச்சபைப் போதனை அக்காலத்தில் ஐஸ்லாந்து மொழியிலேயே பயிலப்பட்டு வந்தது. அந்த அச்சிலே ஸ்நோரி பழைய ஆவிகளை வார்த்தார் என்ற கருத்தை நார்வே நாட்டறிஞர் ஆன்னா ஹோல்ட்ஸ்மார்க் 1964-இல் வலியுறுத்தினார். பழைய ஆங்கிலேயரின் எல்ஃபுகளை ஆராய்ந்து 2007-இல் நூல் வெளியிட்ட அலரிக் ஹாலும் இப்பிரிவைப் பழஞ்சமயத்தின் சான்றாகக் கொள்ள மறுக்கின்றார். இதனை ஐயமற முடிந்த முடிபு என்று நாம் கூறவில்லை. எனினும் சான்றுகளின் எடை இப்பக்கமே சாய்கின்றது.

மக்களின் வழிபாடு எத்தகையது என்பதைச் சில சிறு சான்றுகள் புலப்படுத்துகின்றன. சிக்வாட் எனும் கிறிஸ்தவக் கவிஞர் ஏறத்தாழ 1019-இல் அரச தூதுவராகச் சுவீடன் நாட்டு வழியே சென்றபோது, ஒரு வீட்டில் எல்ஃபுகளுக்குப் பலியிடும் நாள் என்று கூறி அவ்வீட்டுப் பெண் அவரை வாசலிலேயே தடுத்துவிட்டாள். காயம்பட்ட ஒருவன் குணமடைய, எல்ஃபுகள் வாழும் மேட்டில் காளையின் இரத்தத்தைப் பூசி, இறைச்சியால் அவற்றுக்கு விருந்திடுமாறு கூறப்பட்டதை ஒரு சாகா காட்டுகின்றது. ஓலாஃப் எனும் அரசன் இறந்தபின், பஞ்ச காலத்தில் மக்கள் அவனைப் புதைத்த மேட்டில் பலியிட்டு, அவ்வூர்ப் பெயரோடு சேர்த்து எல்ஃபு என்றே அவனை அழைத்தனர் என்கின்றது இன்னொரு கதை. வீட்டு வாசல், புதைமேடு, காயம், பஞ்சம், இறந்த மனிதன் ஆகியவையே இச்சான்றுகளில் உள்ளன. ஒளிக்குலம், இருட்குலம் என்ற பேச்சே இல்லை.

2. இடையன்குடியின் ஏடு

புதைமேடு, பலி, இறந்த மனிதன் என்றவுடனே நெல்லை வாசகருக்குத் தம் ஊர் எல்லை நினைவுக்கு வரும். இராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் இடையன்குடியில் தங்கிப் பணியாற்றத் தொடங்கினார். 1856-இல் வெளியான அவரது ஒப்பிலக்கண நூலுக்காகத் தமிழுலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. அதற்கு ஏழாண்டுகள் முன்னர், 1849-இல், திருநெல்வேலி நாடார் மக்களின் சமயத்தையும் ஒழுக்க நிலையையும் குறித்து, அக்காலத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய சிறுநூல் ஒன்றை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னாளில் அம்மக்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகிய நூல் அதுவே. அவர்களைத் தாழ்த்திப் பேசிய பகுதிகள் மீதே அவ்வெதிர்ப்பு பெரிதும் எழுந்தது. சமயத்தைப் பற்றிய பகுதியோ அந்த அளவுக்கு விசாரிக்கப்படாமல், நம் பிரசங்கங்களில் இன்றும் உயிர்வாழ்கின்றது.

கால்டுவெல்லின் தீர்ப்பு சுருக்கமானது: இம்மக்களின் சமயம் பேய் வழிபாடு, பிராமணரின் தெய்வங்கள் வேறு, இவர்களின் பேய்கள் வேறு. ஒப்பிலக்கணத்தில் பழந்திராவிட சமயத்தைப் பற்றி எழுதும்போதும் இதனைச் சைபீரிய நாட்டுச் சாமன்களின் ஆவி வழிபாட்டோடு அவர் ஒப்பிடுகின்றார். ஸ்நோரி மேலும் கீழுமாகப் பிரித்ததைக் கால்டுவெல் இனம், இனமாகப் பிரித்தார் எனலாம்.

ஆயினும் கால்டுவெல் கண்ணால் கண்டதைக் கூர்ந்து எழுதும் இயல்பினர். அவ்வியல்பே அவர் தீர்ப்புக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கின்றது. பேய்களுள் மிகுதியானவை ஒருகாலத்தில் மனிதராய் வாழ்ந்து, திடீர்ச் சாவோ கொடுஞ்சாவோ அடைந்தவர்களின் ஆவிகள் என்று அவரே பதிவு செய்துள்ளார். ஓர் ஆங்கிலேயத் தளபதியைப் பற்றிய செய்தி அவற்றுள் மறக்கவொண்ணாதது. 1809-இல் திருவிதாங்கூர் எல்லை அரண்களைப் பிடிக்கும் போரில் காயமுற்று மாண்ட அவரைத் தேரிமணலில் புதைத்திருந்தனர். சுற்றுவட்டார மக்கள் அவருக்கும் வழிபாடு ஏற்படுத்திச் சாராயமும் சுருட்டும் படைத்தனர். இதனைக் கால்டுவெல் நகைப்புக்குரியதாகக் கூறிச் செல்கின்றார். நாமோ இங்குச் சற்று நிற்க வேண்டும். அந்நியன், வென்ற படையைச் சேர்ந்தவன், தம் மொழியறியாதவன் ஆகிய ஒருவன் தம் மண்ணில் அகாலமாய்ச் செத்துக் கிடந்தபோது, அவன் சாவையும் தீர்க்கப்படாத ஒரு கடனாக எண்ணிய மக்களின் சமயத்தைப் 'பேய் வழிபாடு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியுமா?

சொல்லின் வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். இறைவன்பால் பித்துக்கொண்ட நிலையையும் குறிக்க வல்லதாயிருந்த அச்சொல்லை, நம் வேதாகமத் தமிழில் விக்கிரகங்களுக்கு இடும் பலியைப் பவுல் கண்டிக்கும் இடத்தில் காண்கின்றோம். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் வேதாகமத்தைத் திருத்திய குழுவில் கால்டுவெல்லும் ஒருவர். மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழி எளிதாய் இருந்ததென்று நாம் கூறவில்லை. ஆனால் பலபொருள் தந்த சொல் ஒருபொருளுக்குள் அடைபட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆங்கில நாட்டிலும் இது நேர்ந்தது. கிறிஸ்தவ மன்னன் ஆல்ஃபிரெட்டின் பெயருக்கு 'எல்ஃபின் அறிவுரை' என்பது பொருள். அதே எல்ஃபுகளைப் 'பேயோவுல்ஃப்' எனும் காவியம் காயீனின் வழிவந்த கொடியோரின் வரிசையில் வைக்கின்றது. பெற்றோர் பிள்ளைக்கு விரும்பிச் சூட்டிய பெயரை ஏடு எழுதியவர் சாபப் பட்டியலில் சேர்த்தார்.

3. மக்கள் செய்த பிரிவு

அவ்வாறாயின் தென்னெல்லையின் மக்கள் தம் தெய்வங்களை வகைப்படுத்தவே இல்லையா? வகைப்படுத்தினர், ஆனால் வேறு அளவுகோலால். கொடை விழாவில் வில்லும் குடமும் உடுக்கையுமாக அமர்ந்து கதை பாடும் புலவர்கள், தெய்வப்பிறவிகள் என்றும், இறந்துபட்ட வாதைகள் என்றும் இருவகை கூறுவர். முதல் வகையினர் கயிலாயத்தில் பிறந்து மண்ணுக்கு வந்தோர். இரண்டாம் வகையினர் மண்ணிலே பிறந்து, கொலையுண்டோ தற்கொலையுண்டோ மாண்டு, பின்னர்த் தெய்வமானோர். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வில் இவ்வேறுபாட்டையே தம் நூலுக்கு அடிப்படையாகக் கொண்டார். 'எங்கே பிறந்தது, எவ்வாறு இறந்தது' என்பதே இங்குக் கேள்வி. 'நல்லதா, தீயதா' என்பது அன்று.

இவ்விரு வகையும் ஒளி, இருள் என்ற பிரிவோடு பொருந்துமா என்று பார்ப்போம். சுடுகாட்டுக்கு உரியவனாகிய சுடலைமாடன், நள்ளிரவில் கோமரத்தாடி மயான வேட்டைக்குச் செல்லும் அச்சத்துக்குரிய தெய்வம். இருட்குலம் என ஒன்று இருப்பின் அதன் தலைவன் அவனே ஆதல்வேண்டும். ஆனால் கதைப்படி அவன் கயிலாயத்தில் பிறந்தவன். பார்வதி பிள்ளைவரம் வேண்டி விளக்கின் முன் முந்தானை ஏந்தி நிற்க, சுடரிலிருந்து தெறித்த பொறியே பிள்ளையாயிற்று. இரவில் அவன் சுடலைக்குச் சென்று பிணம் தின்றமையால் கயிலாயத்தை விட்டு வெளியேற்றப்பட்டான். விளக்கின் பொறியிலே பிறந்து சுடுகாட்டின் இருளில் நிற்பவனை எந்தக் குலத்தில் எழுதுவது?

இசக்கியின் நிலையும் அதுவே. இப்பெயர் இயக்கி என்பதன் திரிபு. சமண மரபில் இயக்கி காவல் தெய்வம். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் பால்மடை பெறும் தெய்வமும் இயக்கியே. வில்லுப்பாட்டிலோ அவள் காதலனை நம்பிச் சென்று அவன் கையால் காட்டில் கொலையுண்ட பெண், மறுபிறவியில் பழிவாங்குபவள். அவளையே இடுப்பில் குழந்தையோடு ஊர்க்கோடியில் நிறுத்தி, பிள்ளைப்பேற்றுக்காகப் பெண்கள் வேண்டிக்கொள்கின்றனர். அஞ்சப்படுபவளும் அண்டப்படுபவளும் ஒருத்தியே.

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயன் சந்நிதி உள்ளது. ஆடி அமாவாசையில் மக்கள் திரளும் இடம் அது. அங்கே நேர்த்திக்கடனாகச் செருப்புகள் செலுத்தப்படுகின்றன. பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் பிராமண குலத்தான். சக்கிலியர் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பி, அவர்கள் தந்தை வாலப்பகடையின் நிபந்தனைக்கு உட்பட்டுப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கும் தொழிலை மேற்கொண்டான். மாமனின் மாடுகளைக் கள்வரிடமிருந்து மீட்கப் போரிட்டு மாண்டான். இக்கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. கோவிலில் கிடக்கும் அச்செருப்பு, சாதி ஒழுங்கு இழைத்த கொடுமையையும் அதனை மீறிய ஒருவனின் அன்பையும் ஒருங்கே நினைவூட்டுகின்றது. இதனையும் பேய் என்றால், நாம் எதன் வாயை அடைக்கின்றோம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

4. வெளுப்பேற்றும் கைகள்

இருள் பூசுவது மட்டுமே தவறு, ஒளி பூசுவது தவறன்று என்று கொள்ளலாகாது. முத்துப்பட்டன் கதையின் பிற்கால வடிவங்களில் அவ்விரு பெண்களும் உண்மையில் காட்டில் கண்டெடுக்கப்பட்ட பிராமணக் குழந்தைகள் என்ற செய்தி நுழைக்கப்பட்டதை வானமாமலை எடுத்துக்காட்டினார். கதை மேன்மை பெற்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதன் உயிர் அங்கேயே போய்விட்டது. சாதி மீறலே நிகழவில்லையெனில் முத்துப்பட்டன் எதற்காகப் பூணூலை அறுத்தான்?

அரசும் ஒருமுறை இவ்வாறு பிரிக்க முயன்றது. கோவில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது; எதிர்ப்பு எழவே 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பொங்கலும் பூவும் படைப்பது தூய சமயம், கிடாய் வெட்டுவது இழிந்த சமயம் என்ற பிரிவில், கால்டுவெல்லின் கோடு வேறொரு கையால் மீண்டும் கிழிக்கப்பட்டது எனலாம்.

மறுபுறம், நாட்டார் தெய்வங்கள் யாவும் ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புக்குரல் என்று ஒரே வீச்சில் புகழ்வோரும் இன்று உளர். இதுவும் வெளுப்பேற்றலே. இத்தெய்வங்கள் மனிதரை ஆண்டுக்கணக்கில் அச்சத்தில் ஆழ்த்துவதையும், நோயுற்ற ஏழையின் கைப்பொருளை மந்திரவாதி பறிப்பதையும், ஒரு கொலைக்கு ஈடாகக் குற்றமற்ற தலைமுறையிடம் பழி கேட்கப்படுவதையும் ஊழியர் நேரில் அறிவர். இவற்றிலிருந்து விடுபட்டு வந்த நம் முன்னோரின் மகிழ்ச்சி பொய்யன்று. அம்மகிழ்ச்சியைக் கால்டுவெல் கண்டார், அதற்காகவே உழைத்தார். 1891-இல் மறைந்த அவரது உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவருடைய ஏட்டைத் திறனாய்வு செய்வது அவர் உழைப்பை மறுப்பது ஆகாது.

5. நாம் செய்யத்தக்கது

திருமறையில் ஒளியும் இருளும் பேசப்படுகின்றனவே என்று கேட்கலாம். ஆம், பேசப்படுகின்றன. ஆனால் அங்கே இருள் என்பது பிறர் வணங்கும் தெய்வங்களின் பட்டியலாக மட்டும் நிற்கவில்லை. சகோதரனைப் பகைப்பவன் இருளில் இருக்கின்றான் என்கிறார் யோவான். சாத்தானும் ஒளியின் தூதனைப்போல வேடம் தரிப்பான் என்று எச்சரிக்கிறார் பவுல். ஆகவே ஒளி, இருள் என்ற அளவுகோலை முதலில் கொலைசெய்த கைமீது வைத்துப் பார்க்க வேண்டும். கொலையுண்டவளின் ஆவி மீது அன்று. இசக்கியைப் பேய் என்கிறோம். அவளைக் கொன்றவனுக்கு நம் பிரசங்கத்தில் பெயரே இல்லை. இது நீதியாகுமா?

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுவதைக் கடவுள் கேட்டார் என்று ஆதியாகமம் கூறுகின்றது. அக்கூப்பாட்டை அவர் பேயின் ஓலம் என்று தள்ளவில்லை. காயீனிடம் கணக்குக் கேட்டார். நகர வாசலுக்குப் புறம்பே அநீதியாய்க் கொல்லப்பட்ட இயேசுவின் இரத்தம் ஆபேலின் இரத்தத்தினும் நன்மையானவற்றைப் பேசுகின்றது என்கின்றது எபிரெயர் நிருபம். இவ்விரண்டும் சேர்ந்ததே தென்னெல்லை மக்களுக்கு நாம் கூறத்தக்க நற்செய்தி. ஊர் எல்லையில் நிற்கும் பூடம், இங்கே ஒரு கொலை நிகழ்ந்தது என்று ஊர் செய்த வாக்குமூலம். அவ்வாக்குமூலத்தை மதிக்க வேண்டும். பழிக்குப் பழி என்ற சுற்றிலிருந்து ஊரை விடுவிக்கவும் வேண்டும். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் செய்ய முற்பட்டமையாலேயே, பெயர்ப்பதிவேட்டில் கிறிஸ்தவர்களாகி, அச்சத்தில் பழையவர்களாகவே இருக்கும் குடும்பங்களை இன்றும் காண்கின்றோம்.

ஆகவே இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கிராம ஊழிய அறிக்கையில் 'இவ்வூரில் பேய் வழிபாடு உண்டு' என்ற ஒரு வரியோடு நிறுத்த வேண்டாம். அப்பூடத்தில் நிற்பவர் யார், எவ்வாறு மாண்டார், யார் கையால் மாண்டார், எந்தக் குடும்பம் அக்கதையைக் காத்துவருகின்றது என்பவற்றை வீடுவீடாய்க் கேட்டு எழுதுக. ஆவி பிடித்தவளென்று ஒரு பெண்ணை ஆலயத்துக்கு அழைத்து வந்தால், அதட்டி அடக்குமுன் அவள் வாயில் வரும் பெயரைக் கேட்டுக்கொள்க. அப்பெயருக்குப் பின்னே அவ்வீட்டில் யாரும் பேசத் துணியாத ஓர் அநீதி இருக்கக்கூடும்.

கல்லறைகளிடையே குடியிருந்து தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தவனிடம் ஆண்டவர் ஆவியைத் துரத்துவதோடு நிற்கவில்லை, பெயரையும் கேட்டார். சிக்வாட் கவிஞர் தமக்கு அடைக்கப்பட்ட கதவைக் குறித்துப் பாட்டெழுதிவிட்டுத் தம் வழியே சென்றார். உள்ளே நிகழ்ந்த வழிபாட்டில் யாருக்காக, எந்தக் குறைக்காகப் பலியிட்டார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போயிற்று. பின்னர் ஸ்நோரி எழுதும்போது கேட்பதற்கு வணங்குவோர் எவரும் இல்லை. நமக்கோ அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆராதனை முடிந்து தணிந்த குரலில் கேட்கும் முதியவர் இன்னும் நம் ஆலய வாசலில் நிற்கின்றார். அடுத்த முறை அவர் கேட்கும்போது, விடை சொல்லுமுன், "உங்கள் பாட்டையா அவரைப் பற்றி என்ன சொன்னார், ஐயா?" என்று நாம் கேட்போமாக.